முடிவு தெரிந்த கதைகள்: மலையக லயங்களில் அல்லிக் கதைவரிசையின் மறுவாசிப்பு

கேள்வி

கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் இரயில் ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை நிலையங்களைக் கடந்து வட்டகொடைக்கு வருகிறது. அந்த வட்டகொடைப் பகுதியின் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து இலங்கையின் முதலாவது நாடாளுமன்றத்துக்குச் சென்ற இவர், தொழிற்சங்கவாதி, கவிஞர், நாவலாசிரியர். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்ததும் இவர் செய்த பெரும்பணிகளில் ஒன்று. அந்தத் தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயரில் 1983இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

சி.வி.யும் அவருக்குப் பின் வந்த சாரல் நாடன் போன்ற ஆய்வாளர்களும் பாடல்களுக்குக் காட்டிய அக்கறையால் மலையக வாய்மொழி மரபு இன்று ஓரளவு எழுத்தில் நிலைத்திருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் அதே மக்கள் இன்னொரு காரியத்தையும் செய்துவந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். வாசிக்கப்பட்டவை பெரும்பாலும் 'பெரிய எழுத்து' நூல்கள்: அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, தேசிங்கு ராஜன் கதை, நல்லதங்காள் கதை. பாடலுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு சிறு பங்குகூட இந்த வாசிப்புக்குக் கிடைக்கவில்லை.

இக்கட்டுரை ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறது. முடிவு முன்பே தெரிந்த ஓர் அற்புதக் கதையைத் தோட்ட மக்கள் ஏன் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், ஏன் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்? வேறு நூல் கிடைக்காததால்தானா, உழைப்பின் களைப்பை மறக்கத்தானா? அல்லது அந்தத் திரும்புதலில் கதையைச் சீர்தூக்கும் அறிவு ஒன்றும் செயற்பட்டதா?

ஒரு கதைவரிசை

அல்லிக் கதைகளைத் தனித்தனி நூல்களாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. வாசித்தவர்களும் கேட்டவர்களும் அவற்றை அப்படி அனுபவித்திருக்க முடியாது. அல்லி அரசாணி மாலையில் மதுரை அரசி அல்லியை அருச்சுனன் அடைகிறான். பவளக்கொடி மாலையில் அவர்களுடைய மகன் புலந்திரன் பவளத் தேர் கேட்டு அழ, பவளம் தேடிப் போன அருச்சுனன் பவளக்கொடியை மணந்துகொண்டு வருகிறான். புலந்திரன் களவு மாலையில் அந்த மகனே வளர்ந்து நாயகனாகிறான். ஏணியேற்றம், அபிமன்னன் சுந்தரி மாலை, சுபத்திரை மாலை, பஞ்சபாண்டவர் வனவாசம் ஆகியவை இதே குடும்பத்தின் வேறு வேறு கிளைகளைத் தொடர்கின்றன. ஒரு நூலில் ஓரமாக நின்றவர் அடுத்ததில் நடுவுக்கு வருகிறார். ஒரு நூலின் திருமணம் இன்னொன்றின் போருக்குக் காரணமாகிறது. இன்றைய வாசகர் பல பாகங்களாக வாங்கிப் படிக்கும் மாயக் கதைவரிசைகளின் இலக்கணங்கள் அனைத்தும் இவற்றில் இருக்கின்றன.

வியாச பாரதத்திலோ வில்லிபுத்தூரார் பாரதத்திலோ அல்லி இல்லை; பவளக்கொடியும் இல்லை. பாரதத்தின் பெயர்களையும் உறவுகளையும் எடுத்துக்கொண்டு தமிழ் மண்ணில் கட்டப்பட்ட தனி உலகம் இது. மதுரையில் ஆண்களை அண்டவிடாமல் ஆளும் அரசி, அவள் மாளிகைக்குள் பாம்பாக நுழையும் அருச்சுனன், வேண்டிய வேடமெல்லாம் எடுத்து உதவும் கண்ணன் என்று அந்த உலகம் விரிகிறது. நளவெண்பா பாடிய புகழேந்தியே இவற்றையும் பாடினார் என்று நூல்களின் முகப்பு சொல்லும். நடையும் காலமும் பொருந்தாததால் ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. சென்னைக் கொண்டித்தோப்பு பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற பதிப்பகங்கள் பருத்த எழுத்தில், மலிந்த தாளில் அச்சிட்டு இவற்றைத் தமிழ் பேசும் ஊர்களெங்கும் அனுப்பின. எழுத்தின் அளவுக்குக் காரணம் உண்டு. குப்பி விளக்கின் வெளிச்சத்தில், படிப்பு அதிகம் வாய்க்காத ஒருவர், பிறருக்காக வாசிக்க வேண்டும்; அதற்குத் தோதாக அச்சிடப்பட்ட நூல்கள் இவை.

இந்தக் கதைவரிசை அச்சோடு நிற்கவுமில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் இவற்றை நாடகமாக்கினார். எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான முதல் திரைப்படம் 1934இல் வெளிவந்த 'பவளக்கொடி'. ஆகவே 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தோட்டத்துக்கு ஓர் அல்லி நூல் வந்து சேர்ந்தபோது, அதன் கதை பெரும்பாலும் அதற்கு முன்பே அங்கு வந்திருக்கும். ஏ.கே. இராமானுஜன் இராமாயண, பாரதக் கதைகளைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்: இவற்றுக்கு முதல் வாசிப்பு என்று ஒன்று இல்லை.

இதுவரையான விளக்கங்கள்

இவ்வாசிப்பைப் பற்றி மூன்று கருத்துகள் வழக்கில் இருக்கின்றன.

முதலாவது, முற்போக்கு அணியும் திராவிட இயக்கமும் ஏறக்குறைய ஒருமித்துச் சொன்னது. இளஞ்செழியனின் தலைமையில் இயங்கிய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் மலையகத்தில் பகுத்தறிவுப் பிரசாரம் செய்த காலத்தில் புராணக் கதைகள் மக்களை மயக்கத்தில் வைத்திருப்பவையாகவே பார்க்கப்பட்டன. சங்கக் கூட்டத்துக்கு வரவேண்டிய தொழிலாளி அருச்சுனனின் காதலைக் கேட்டுக்கொண்டிருக்கிறானே என்ற ஆதங்கத்தில் நியாயம் உண்டு. கூலி, குடியுரிமை, லயக் காம்பராவின் இருட்டு ஆகிய எதையும் அல்லிக் கதை மாற்றாது. ஆனால் கதை கேட்டவர்களே சங்கங்களையும் கட்டினார்கள். முல்லோயாத் தோட்டத்தில் 1940இல் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் இறந்த போராட்டமும், அதை ஒட்டி மலையெங்கும் எழுந்த வேலைநிறுத்தங்களும் இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் செயல்கள். மயக்கம் என்ற விளக்கம் இந்த உண்மைக்கு முன் நிற்காது.

இரண்டாவது கருத்து மரபுக் காவலர்களுடையது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் தம்மோடு கொண்டுவந்த பண்பாட்டை மாறாமல் காத்தார்கள் என்பது அதன் சாரம். அன்போடு சொல்லப்படும் கருத்துத்தான். என்றாலும் மக்களைப் பெட்டகமாகக் காண்கிறதே தவிர வாசகர்களாகக் காண்பதில்லை.

மூன்றாவது, நூல் தட்டுப்பாடு என்ற விளக்கம். இதுவே வலுவானது, சற்று நின்று பார்க்க வேண்டியது. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ரோல்ஃப் எங்கல்சிங் 1974இல் வெளிவந்த நூலில், 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியர்கள் விவிலியம் போன்ற சில நூல்களையே ஆழமாக, மீள மீள வாசித்தார்கள் என்றும், மலிவான அச்சு பெருகிய பின் பல நூல்களை ஒருமுறை மட்டும் வாசிக்கத் தொடங்கினார்கள் என்றும் வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் இந்தக் கோடு அவ்வளவு நேரானதல்ல என்று காட்டினார்கள். தமிழில் ஆ.இரா. வேங்கடாசலபதி, உரக்க வாசித்துப் பலர் கேட்ட மரபையும், நாவலின் வருகையோடு நடுத்தர வர்க்கத்தில் வளர்ந்த மௌன வாசிப்பையும் ஆராய்ந்திருக்கிறார். இந்தச் சட்டகத்தில் வைத்தால் லயத்து வாசிப்பு பழைய மரபின் மிச்சமாகத் தோன்றும்.

தட்டுப்பாடு உண்மை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்கள்மீது சுமத்தியது. பல இடங்களில் அது ஓர் ஆசிரியரோடும் ஒரு கொட்டகையோடும் நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். இருந்தும் தட்டுப்பாடு ஒரு தொடக்கத்தை மட்டுமே விளக்கும். கிடைத்த சில நூல்களிலும் சில கைவிடப்பட்டு, சில ஏடு கிழியும்வரை வாசிக்கப்பட்டது ஏன் என்பதை அது விளக்காது. திரைப்படமும் வானொலியும் வந்த பின்னரும் மக்கள் அதே பவளக்கொடியையே அங்கும் தேடிப் போனதை விளக்காது. நூலே வேண்டாத கூத்துகளில் ஆண்டுதோறும் அதே கதை கோரப்பட்டதையும் விளக்காது.

கூத்துக் களத்திலிருந்து ஒரு சான்று

மலையகத்தின் மூன்று பெருங் கூத்துகள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மூன்றிலும் முடிவு எல்லோருக்கும் தெரியும். மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றும்போதே சிவன் நெற்றிக்கண் திறப்பார், மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள் என்று குழந்தைக்கும் தெரியும். தபசு மரத்தில் ஏறும் அருச்சுனன் பாசுபதம் பெற்றே இறங்குவான். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழுவார்கள். தங்கை தங்காள் தேடி வருவாள்.

முடிவைப் பற்றிய ஐயம் இல்லாதபோது பார்வையாளரின் கவனம் வேறிடத்துக்குப் போகிறது. இந்த ஆண்டின் ரதி எப்படி அழுதாள், மரம் ஏறியவனின் குரல் உச்சியில் நின்றதா, தப்படித்தவர் எங்கே தாளத்தை மாற்றினார் என்பவைதான் கேள்விகள். சென்ற ஆண்டோடும் பக்கத்துத் தோட்டத்தோடும் ஒப்பிடாமல் இவற்றுக்கு விடை சொல்ல முடியாது. ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதற்குத் திறனாய்வு என்று பெயர். தஞ்சைப் பகுதி இலாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் இரவு முழுக்கப் பாடி வாதிடும் மரபு உண்டு. அனைவரும் அறிந்த ஒரு கதையின்மீது மட்டுமே அப்படி ஒரு விவாதத்தை நடத்த முடியும்.

நார்னியா மாயக் கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ் 1961இல் வெளியிட்ட திறனாய்வு நூலில் வாசகர்களை இரண்டாகப் பிரிக்கிறார். ஏற்கெனவே படித்தாயிற்று என்பதால் ஒரு நூலை ஒதுக்குபவர்கள் ஒரு வகை. தமக்குப் பெரிதான நூல்களுக்கு வாழ்நாளெல்லாம் பலமுறை திரும்புபவர்கள் மறுவகை. இரண்டாம் வகையினரையே அவர் இலக்கிய வாசகர்கள் என்கிறார். தோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்' கதையை ஆண்டுக்கொரு முறை வாசிப்பதாகச் சொன்ன நடிகர் கிறிஸ்டோபர் லீயை உலகம் வியந்து பாராட்டியது. அந்த அளவுகோல் சரியென்றால், மாசி தவறாமல் காமன் கதைக்குத் திரும்பியவர்களும், அல்லியை இருபதாவது முறை கேட்டவர்களும் எந்த வகை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்தோடு ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணக் கோயில்களில் கந்தபுராணத்தை ஆண்டுதோறும் ஒருவர் வாசிக்க, மற்றவர் பயன் சொல்லும் புராணபடன மரபு இருக்கிறது. ஆறுமுக நாவலர் வழிவந்த சைவ மரபு அதைப் போற்றி வளர்த்தது, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அதை மையமாக வைத்துக் கந்தபுராண கலாசாரம் என்றே ஒரு சமூகத்தின் வாழ்முறைக்குப் பெயரிட்டார். தமிழகத்தில் இதன் பழமை இன்னும் நீண்டது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலக் கூரம் செப்பேடு மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று பங்கு ஒதுக்கியிருக்கிறது. ஒரு கதையைத் திரும்பத் திரும்ப வாசிப்பது நிவந்தம் விட்டு நடத்தத் தகுந்த காரியம் என்று அரசு கருதியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் நடந்தால் கலாசாரம். மலையகத்தில் நடந்தால் பொழுதுபோக்கு. இந்த வேறுபாட்டுக்கு வாசிப்பு முறையில் காரணம் இல்லை. இரண்டிலும் ஒருவர் வாசிக்கிறார், பலர் கேட்கிறார்கள், இடையிடையே பொருள் விளக்கப்படுகிறது, அடுத்த ஆண்டு மீண்டும் தொடங்குகிறது. வேறுபாடு நூலின் தகுதியிலும் வாசிப்பவரின் சாதி, வர்க்க நிலையிலும் இருக்கிறது. கோயில் மண்டபத்துக்கு ஒரு மதிப்பும் லயத்துத் திண்ணையான இஸ்தோப்புக்கு இன்னொரு மதிப்பும் கொடுத்தது ஆய்வுலகம்தான். இலங்கைத் தமிழ் இலக்கிய வரலாறுகளில் புராணபடனத்துக்கு இருக்கும் பக்கங்களும் பெரிய எழுத்து வாசிப்புக்கு இல்லாத பக்கங்களும் இந்த அநீதிக்குச் சாட்சி.

அல்லியிடம் திரும்புதல்

மறுவாசிப்பு என்ன செய்கிறது என்பதை அல்லியின் கதையிலேயே பார்க்கலாம்.

அல்லி மலரில் கிடந்த குழந்தையாகப் பாண்டியனுக்குக் கிடைத்தவள். கல்வியும் ஆயுதமும் கற்றவள். நாட்டைப் பறித்த நீண்முகனைக் கொன்று ஆட்சியை மீட்டவள். காவலும் நிர்வாகமும் பெண்கள் கையில் இருக்க அவள் மதுரையை ஆள்கிறாள். முதன்முறை கேட்கும் சிறுமிக்கு இந்த முற்பகுதியே கதை. கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களை மேய்க்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் ஆண்கள் என்று அமைந்த ஓர் உலகில், ஆண் நடத்தும் பெரட்டே (காலை ஆள்கணக்கெடுப்பே) இல்லாத ஓர் அரசு இருந்தது என்று கேட்பது சாதாரண அனுபவமில்லை. இலங்கைத் தோட்டத்துறையில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி 1984இல்தான் வந்தது என்பதை நினைத்தால் அந்தக் கனவின் உயரம் புரியும்.

கதை அங்கே நிற்பதில்லை. அருச்சுனன் பாம்புருவில் மாளிகைக்குள் நுழைகிறான்; அல்லி தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தெழுந்த அல்லி சீறுகிறாள், படை திரட்டுகிறாள், இறுதியில் மனைவியாக அடங்குகிறாள். கேட்ட தலைமுறைகளில் பலர் இதைக் கண்ணனின் லீலையாக, அருச்சுனனின் சாமர்த்தியமாகச் சிரித்துக் கேட்டிருப்பார்கள். சிறுமியாகக் கேட்டவள் திருமணமான பின், தன் சம்மதம் கேட்கப்படாத ஒரு தாலியோடு, அதே இடத்தை மீண்டும் கேட்கிறாள். பிறகு தன் மகளை அருகில் இருத்திக்கொண்டு கேட்கிறாள். நூலில் ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் மூன்று வாசிப்புகளும் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

இங்கே என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன். தூங்கும் பெண்ணின் கழுத்தில் கட்டிய தாலியை இன்று வேடிக்கையாக வாசிக்க இயலாது; அது வன்முறை. அந்தக் காரணத்துக்காக அல்லியை ஒதுக்குவதும் தவறு. கதையே அவளுடைய கோபத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது. பவளக்கொடியை மணந்து வந்த அருச்சுனனோடு அவள் மீண்டும் போருக்கு எழுகிறாள். ஒரு நூலில் அடக்கப்பட்டவள் அடுத்த நூலில் அடங்காமல் வருவது கதைவரிசை என்ற வடிவத்தால் மட்டுமே கிடைக்கும் வசதி. கடைசிப் பக்கத்தின் சமாதானத்தை அடுத்த நூலின் முதல் பக்கம் கலைத்துவிடுகிறது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்போதோ அல்லி மறுபடி அரியணையில் இருக்கிறாள். இந்த வசதியை மக்கள் தெரிந்தே விரும்பினார்கள் என்பது என் துணிபு.

பஞ்சபாண்டவர் வனவாசத்தைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பின், நாட்டை இழந்து காடேகியவர்கள் கெடு முடிந்து திரும்பும் கதை முன்போலக் கேட்டிருக்குமா? எல்லாக் கதையையும் அரசியல் உருவகமாக்குவது ஆய்வாளருக்கு எளிய வழி. அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டு வனவாசத்துக்கும் ஓராண்டு அஞ்ஞாதவாசத்துக்கும் ஒரு முடிவு உண்டு என்ற உறுதி, எந்தக் கெடுவும் சொல்லப்படாமல் காத்திருந்தவர்களின் காதில் வேறு கனத்தோடு விழுந்திருக்கும்.

சிதறிய வாசகர் கூட்டம்

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்த நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. தலைமன்னார்க் கப்பலில் போனவர்கள் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர் பகுதிகளிலும் பிற மறுவாழ்வுத் திட்டங்களிலும் குடியேறினார்கள். கூட்டு வாசிப்புக்கு ஒரு நூல் போதாது. வாசிப்பவர் ஒருவர், திருத்துபவர் ஒருவர், அடுத்த அடியை முந்திச் சொல்லும் கிழவி ஒருத்தி, முதன்முறை கேட்கும் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் வேண்டும். ஒரே லயத்தின் குடும்பங்கள் கடலின் இரு பக்கங்களுக்குப் பிரிந்தபோது அந்தக் கூட்டம் உடைந்தது. தொலைக்காட்சி பின்னர் வந்து வாசிப்பைக் குறைத்தது என்பதும் உண்மைதான். அதற்கு முன்பே அடித்தளத்தைப் பெயர்த்தது ஒப்பந்தம்.

எனவே இன்று செய்யக்கூடிய வேலை இரண்டு கரைகளிலும் இருக்கிறது. சி.வி. பாடல்களுக்குச் செய்ததை வாசிப்புக்கும் செய்ய வேண்டும். நூல்களைத் தேடுவது அதில் பாதி வேலைதான். அவற்றின் வாசகங்கள் பல பதிப்புகளில் கிடைக்கின்றன. யார் வாசித்தார், எங்கே நிறுத்தினார், எந்த இடத்தை மீண்டும் வாசிக்கச் சொன்னார்கள், அல்லி தூங்கும் இடத்தில் பெண்கள் என்ன பேசினார்கள் என்பவைதான் அவசரமாகப் பதிவு செய்யப்பட வேண்டியவை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திப் பொதுவில் வைத்துவருகிறது; மலையக ஆவணங்களுக்கும் அங்கே இடமுண்டு. வட்டகொடை, பூண்டுலோயா, தலவாக்கலைப் பக்கத்திலோ கோத்தகிரி, கூடலூரிலோ இக்கட்டுரையை வாசிப்பவர் வீட்டில் பெரிய எழுத்துப் புத்தகம் கேட்டு வளர்ந்த ஒரு முதியவர் இருந்தால், அவரை உட்காரவைத்து அந்த வாசிப்பைப் பற்றிக் கேளுங்கள்; அவர் சொல்வதைக் கைபேசியில் பதிந்து, பெயர் வெளியிட அவர் சம்மதித்தால் பெயரோடும், தோட்டத்தின் பெயரோடும், ஆண்டோடும் ஓர் ஆவணகத்துக்கு அனுப்பிவையுங்கள்.